பாருக்குப் போகாமல் போனை எடுத்தவர்

சிவகாசிப் பக்கம் வாரக்கூலி கைக்கு வர்ற சாயங்காலம். குடியை விட நினைக்கிற ஒரு பட்டாசுத் தொழிலாளிக்கு வாரத்திலேயே கஷ்டமான நேரம் அதுதான். அப்போ அவர் யார்கிட்ட பேசுவார்?

1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சனுக்கும் இதே நிலைமை. குடியை விட்டு 5 மாசம்தான் ஆச்சு. வந்த வியாபாரம் கைவிட்டுப் போச்சு. ஹோட்டலிலேயே பார் இருக்கு. அவர் போனை எடுத்து, தன்னை மாதிரியே இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், ஒரு டாக்டர். அவங்க பேச்சில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. கட்டணம் கிடையாது, முழுப்பேர் சொல்ல வேண்டாம்.

நம்ம ஊரில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு மஞ்சக்குடி மாதிரி கிராமங்களுக்கே சிகிச்சை முகாம் போச்சு. ஏன்னா, கூலியை விட்டுட்டு எல்லாராலும் சென்னைக்கு வர முடியாதே!

சின்ன ஊரில் பெரிய பயம், 'தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?' என்பதுதான். ஆனா ஏ.ஏ. கூட்டத்தில் உங்களைப் பார்க்கிறவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தானே?

ஒரு விஷயம்: தினமும் நிறைய குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்க. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கு. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. பில் செய்ததும் ஒரு போன் கால்தான்.