பிள்ளை பிடிக்கிறவன்

சாப்பிட அடம்பிடித்த வயதில், 'பிள்ளை பிடிக்கிறவன்கிட்ட குடுத்துடுவேன்' என்று உங்களையும் மிரட்டியிருப்பார்களே? அந்தக் கோணிப்பை ஆசாமிக்கு 1860-லேயே சட்டப் புத்தகத்தில் இடம் போட்டுவிட்டார்கள்!

இந்திய தண்டனைச் சட்டம், 361-வது பிரிவு. பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் 14 வயதுக்குட்பட்ட பையனையோ 16 வயதுக்குட்பட்ட பெண்ணையோ கூட்டிக்கொண்டு போனால், கடத்தல். ஏழாண்டு வரை சிறை. (1949-ல் வயதை 16, 18 என்று உயர்த்தினார்கள்.) பத்து வயதுக்குட்பட்ட குழந்தையை நகைக்காகத் தூக்கினால் அதற்குத் தனியாக 369. அரைஞாண், கொலுசு என்று பூட்டி அழகு பார்க்கிற நாடாயிற்றே!

'பாதுகாவலர் சம்மதம் இல்லாமல்.' அந்த மூன்று வார்த்தையை இன்னொரு தடவை படியுங்கள். அப்பாவே சம்மதித்து அனுப்பிவைத்தால்?

அப்படியும் நடந்தது. கடனுக்குப் பிள்ளையை அடமானம் வைத்து பீடி சுற்றவும் கம்பளம் நெய்யவும் அனுப்பியதை, 1929-ல் அமைத்த விட்லி கமிஷன் பார்த்துப் பதறியது. 1933-ல் தனிச் சட்டமே வந்தது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளையை அடகு வைத்தால் அப்பாவுக்கு 50 ரூபாய் வரை அபராதம், முதலாளிக்கு 200 வரை. பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். அபராதத்தையும் செலவில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்!

இப்போது திருப்பூருக்கு வாருங்கள். எண்பதுகளுக்குப் பிறகு பனியன் ஏற்றுமதி எகிறியது. நூல் கொடுக்கும் கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மில்களுக்கு ஆள் போதவில்லை. தென்மாவட்டக் கிராமங்களுக்குப் புரோக்கர்கள் கிளம்பினார்கள். கோணிப்பையோடு இல்லை, நோட்டீஸோடு. 'உங்க பொண்ணு மூணு வருஷம் ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்க்கட்டும். முடிக்கிறப்போ கல்யாணச் செலவுக்கு மொத்தமா முப்பதாயிரம், ஐம்பதாயிரம்...' பெயர் என்ன தெரியுமா? சுமங்கலித் திட்டம்! போனவர்களில் பதினெட்டு ஆகாத பெண்களும் நிறைய. உடம்பு கெட்டு நடுவில் திரும்பியவர்கள் பலருக்கு அந்த மொத்தத் தொகை கிடைக்கவில்லை. ஹாஸ்டல் கேட்டைத் தாண்ட விடாதபோதும் 361-ஐ நீட்ட வழியில்லை. அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டாரே!

2013-ல்தான் சட்டம் இந்த ஓட்டையைப் பார்த்தது. வர்மா கமிட்டி அறிக்கைக்குப் பிறகு 370-வது பிரிவையே திருத்தி எழுதினார்கள். சுரண்டுவதற்காக ஆள் சேர்ப்பது குற்றம். பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து அவர் சம்மதத்தை வாங்குவதும் அதற்கான வழிகளில் ஒன்று என்று அதிலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் 'சரி' என்று சொல்லியிருந்தாலும் செல்லாது. சிறுவர் என்றால் குறைந்தது பத்தாண்டு, ஆயுள் வரை போகலாம். ஆனால், அது வேலையா சுரண்டலா என்று கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். சம்பளச் சீட்டும் வருகைப் பதிவேடும் யார் கையில் இருக்கும், சொல்லுங்கள்?

2024 ஜூலை 1 முதல் புதிய நியாய சன்ஹிதா. 370 இப்போது 143. 361 இப்போது 137. பையனோ பெண்ணோ, இருவருக்கும் 18 என்று ஆக்கிவிட்டார்கள். 'பாதுகாவலர் சம்மதம் இல்லாமல்' மட்டும் அதில் அப்படியே இருக்கிறது.