கோப்பித் துருவும் விஞ்ஞானியின் பிழையும்

மாத்தளையில் இன்று ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. மிளகு, கொக்கோ, கோப்பி முதலிய பயிர்கள் அங்கே ஆராயப்படுகின்றன. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்னர் இதே மலைச்சரிவுகளில் கோப்பி ஒன்றே ஆட்சி செலுத்தியது. அது அழிந்த கதையை நமது பாடநூல்கள் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகின்றன: நோய் வந்தது, கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. அந்தக் கதைக்குள்ளே ஒரு விஞ்ஞானியின் நேர்மையான பிழையும், அது திருத்தப்பட்ட முறையும் அடங்கியிருக்கின்றன. ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை அறிந்துகொள்வது பயனுடையது.

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநாட்டுக் காடுகளை அரசின் சொத்தாக்கிற்று. அரசு அவற்றைத் துரைமாருக்கு விற்றது. அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து, அவர்கள் கால்நடையாக வந்து சேர்ந்த மலைவாசல் மாத்தளை. காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானவர்கள் எத்தனையோ பேர். கோப்பியின் வரலாறு அவர்களுடைய வரலாறுமாகும்.

1869 இல் ஊவாப் பகுதியின் மடூல்சீமையில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் ஒன்று காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவர் துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரும் பூஞ்சண ஆராய்ச்சியாளருமான பேர்க்லி அதனை ஒரு புதிய பூஞ்சணம் என்று கண்டு, ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். ‘வாஸ்டாட்ரிக்ஸ்’ என்றால் பாழ்செய்வது என்று பொருள். பெயர் பலித்தது. ஆயினும் துரைமார் உடனே கலங்கவில்லை. உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தபோதும் இலாபம் குறையவில்லை. ஆகவே மேலும் காடு வெட்டினார்கள், மேலும் கோப்பி நட்டார்கள். 1870களின் இறுதியில் கோப்பி நிலம் ஏறக்குறைய 275,000 ஏக்கராகப் பெருகிவிட்டது.

இந்த நிலையில்தான் டானியல் மோரிஸ் பேராதனைக்கு உதவித் தலைவராக வந்தார். கோப்பி மரத்தின் பட்டையிலும் கிளைகளிலும் நுண்ணிய இழைகள் படர்ந்திருப்பதை அவர் கண்டார். அவை கோப்பித் துருவின் ஒரு பருவமே என்று கருதினார். நோய் வெளியிலே இழையாகக் கிடக்கும் காலத்தில் அதனைத் தாக்கினால் அழித்துவிடலாம் அல்லவா? அந்த நம்பிக்கையோடு கந்தகமும் சுண்ணாம்பும் கலந்த தூளை மரங்களில் தூவும் பரிசோதனைகளை நடத்தினார். தாம் கண்டதையும் செய்ததையும் எழுதி வெளியிட்டார். 1879 இல் ஜமெய்க்காவில் வேறு பதவி ஏற்றுச் சென்றார்.

1880 இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இந்நோயை ஆராய்வதற்கென்றே அனுப்பப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. அதே ஆண்டில்தான் புகைவண்டிப் பாதை மாத்தளையை வந்தடைந்தது. கோப்பி சாகத் தொடங்கிய பின்னர் கோப்பியை ஏற்றிச்செல்ல வண்டி வந்தது!

வார்ட் முன்னவருடைய முடிவை அப்படியே ஏற்கவுமில்லை, ஆராயாமல் தள்ளவுமில்லை. நோயின் வாழ்க்கையை வித்தியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பின்தொடர்ந்தார். கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். ஈரமான இலைமீது விழும் வித்தி முளைத்து, இலைவாயின் வழியே உட்புகுந்து, இலையினுள்ளேயே இழைவிட்டு வளர்வதைக் காட்டினார். மோரிஸ் பட்டையில் கண்ட இழைகளோ கோப்பித் துருவைச் சேர்ந்தவை அல்ல. அவை வேறு பூஞ்சணங்கள். இலைக்குள் குடிபுகுந்துவிட்ட நோயை வெளியே தூவும் தூள் எவ்வாறு எட்டும்? வித்தி உட்புகுமுன் தடுப்பதே வழி என்பது இதனால் தெளிவாயிற்று. பின்னாளில் செம்புக் கலவைகளைத் தெளித்துக் கோப்பித் துருவைத் தடுத்ததும் இந்த நெறிப்படியே. இலங்கைக் கோப்பிக்கு மட்டும் காலம் கடந்துவிட்டது.

மோரிஸ் பொய் சொல்லவில்லை. தாம் கண்டதைக் கண்டபடியே சொன்னார்; கண்டதற்குக் கொடுத்த விளக்கத்திலேதான் தவறினார். யானைக்கும் அடி சறுக்கும். அவர் தமது ஆராய்ச்சியை மறைக்காமல் வெளியிட்டிருந்தமையாலேயே இன்னொருவர் அதனைச் சோதித்துத் திருத்த முடிந்தது. அந்தப் பிழைக்காக அவருடைய வாழ்வு பாழாகவுமில்லை. பிற்காலத்தில் கியூ பூந்தோட்டத்தின் உதவித் தலைவராகவும், 1898 முதல் மேற்கிந்தியத் தீவுகளின் விவசாய ஆணையாளராகவும் அவர் பணியாற்றினார். திருத்திய வார்டும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். ஒரு துருப்பூஞ்சணம் இடைப்பட்ட புல்லினம் ஒன்றில் வாழ்ந்து பழகி, அதன் வழியாகப் புதிய பயிரைத் தாக்கும் வலிமையைப் பெறுகிறது என்று அவர் பின்னர் கருதினார். அவர் மறைந்த பின், 1918 இல், அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஸ்டாக்மனும் அவருடைய தோழர்களும் கோதுமைத் துருவைச் சோதித்து அக்கருத்தை மறுத்தனர். அதனால் வார்டின் புகழ் குன்றிவிடவில்லை. பிழையைத் திருத்துவது வேறு, பிழைத்தவரைத் தண்டிப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாத இடத்தில் மனிதர் பிழையை மறைக்கவே கற்பார்கள்.

ஆனால் நாம் இத்துடன் நின்றுவிடுதல் நேர்மையாகாது. இடைவெளியின்றி, மலைக்கு மலை ஒரே பயிரை நட்டதே நோய்க்கு விருந்து வைத்தது என்பதையும் வார்ட் எடுத்துக்காட்டினார். மருந்தை எதிர்பார்த்திருந்த துரைமாருக்கு அவருடைய அறிக்கைகள் ஏமாற்றமாகவே இருந்தன. 1884 இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன. உழைத்த கூலி நிலுவையில் நிற்க, தொழிலாளர் பலர் வந்த வழியே திரும்பினர். அவர்களுடைய ஊர்களோ 1876-78 பஞ்சத்திலிருந்து இன்னும் மீளாதவை. நுணுக்குக்காட்டியில் தவறாகப் பார்த்தவர்கள் அவர்கள் அல்லர். இலாபத்துக்காகக் காட்டை மொட்டையடிக்கத் தீர்மானித்தவர்களும் அவர்கள் அல்லர். ஆயினும் விலை கொடுத்தவர்கள் அவர்களே.

விஞ்ஞானியின் பிழை சில ஆண்டுகளுள் திருத்தப்பட்டது. முதலாளியின் பிழைக்கு அறிக்கையுமில்லை, திருத்தமுமில்லை. கோப்பி போன மலைகளில் மறுபடியும் மலைக்கு மலை ஒரே பயிராகத் தேயிலை நடப்பட்டது. அதே ஏழைகளின் வாரிசுகள் அதே லயங்களில் குடியேற்றப்பட்டார்கள். மாணவன் தனது பரிசோதனைக் குறிப்பேட்டில் தவறிய அளவை அழித்துவிடாமல், அதன்மீது ஒரு கோடிட்டு அருகிலே சரியானதை எழுதவேண்டும் என்று நாம் கற்பிக்கிறோம். அந்த ஒழுக்கத்தைச் சமுதாயத்தை ஆள்பவர்களிடமும் கேட்கும் துணிவை அவனுக்கு ஊட்டுவதும் ஆசிரியரின் கடமையே.