சுற்றுலாக் கப்பலை மதிப்பிடுதல்

சுற்றுலாக் கப்பல் என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆட்களைக் கொண்டுசேர்ப்பதற்காக அல்லாமல், கடலில் சில நாள் தங்கி மகிழ்வதற்காகவே ஓட்டப்படும் பெரிய பயணிகள் கப்பல். தமிழர்களுக்குப் பயணிகள் கப்பல் புதிதன்று. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் ‘சிதம்பரம்’ வந்தது. அவற்றில் ஏறியவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கும் உறவுக்கும் போனவர்கள். கப்பலைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர்கள் இருக்கவில்லை. 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ சென்னையிலிருந்து புறப்பட்டதும் நிலைமை மாறியது. அடுத்த ஆண்டு அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை சென்றது. இன்று பயணி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர் கையில் கிடைப்பதெல்லாம் நீச்சல்குளத்தின் படமும் உணவு மேசையின் படமும்தான். ஒரு கப்பலின் தரத்தை முதலில் காட்டுவது, தீப்பிடித்தால் அது என்ன செய்யும், அதில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பதே. மற்ற எல்லா அளவுகோல்களும் அதற்குப் பின்னால்தான் வரவேண்டும்.

கப்பல் என்றதும் மூழ்குவதை நினைத்து அஞ்சுவது 1912இல் டைட்டானிக் விட்டுச்சென்ற பழக்கம். தீ அதைவிட அடிக்கடி நேர்கிறது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த ‘சிதம்பரம்’ கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதன் பயணிகள் சேவையும் அதோடு முடிந்தது. 1990 ஏப்ரலில் நார்வே, டென்மார்க் இடையே ஓடிய ‘ஸ்காண்டினேவியன் ஸ்டார்’ கப்பல் தீயில் 159 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அன்று, புகை. பணியாளர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. பயணிகளுடனும் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளப் பொதுவான மொழியும் இல்லை. நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. சோறு பரிமாறுபவரும் படுக்கை விரிப்பவரும்தான் அங்கே தீயணைப்புப் படை. ஆகவே ஒரு கப்பலின் பணியாளர்கள் எத்தனை பேர், எத்தனை பயணிகளுக்கு ஒருவர், அவசரத்தில் எந்த மொழியில் கட்டளை வரும் என்பவை உபசரிப்பைப் பற்றிய கேள்விகள் மட்டுமல்ல, உயிரைப் பற்றியவை.

இந்த முறையில் யோசிக்க விருதுநகர் மாவட்டத்து வாசகருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எம். புதுப்பட்டி, சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் பட்டாசு ஆலையை யாரும் முகப்பைப் பார்த்து மதிப்பிடுவதில்லை. அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, ஓர் அறையில் விதிப்படி நான்கு பேர்தான் இருக்கிறார்களா, ஃபோர்மேன் உள்ளே நிற்கிறாரா என்றுதான் பார்ப்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்து இந்தப் பார்வையை இன்னும் கூர்மையாக்கியது. கப்பலின் அமைப்பும் இதே தர்க்கத்தில்தான் நிற்கிறது. ‘சோலாஸ்’ எனப்படும் கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பலை நீளவாக்கில் ஏறத்தாழ 40 மீட்டருக்கு ஒரு கூறாகத் தீ தாங்கும் சுவர்களால் பிரிக்கச் சொல்கிறது. ஒரு கூறில் பற்றிய தீ அடுத்ததைத் தொடுவதற்குள் ஆட்கள் நகர்ந்துவிட வேண்டும். கப்பலைவிட்டு வெளியேறும் கட்டளை பிறந்த 30 நிமிடங்களுக்குள் எல்லோரும் ஏறிய உயிர்காப்புப் படகுகள் கடலில் இறங்கிவிட வேண்டும். பட்டாசு ஆலையில் கூட்டம் கூடினால் இடைவெளி பயனற்றுப் போவதுபோல, கப்பலிலும் ஆட்களின் எண்ணிக்கைதான் இந்தக் கணக்குகளைச் சோதிக்கிறது.

அதனால் கப்பலின் அளவை மட்டும் கேட்பது போதாது. கிராஸ் டன்னேஜ் என்பது எடையன்று, உள்ளிடத்தின் அளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். ‘எம்பிரஸ்’ கப்பலின் கிராஸ் டன்னேஜ் சுமார் 48,500. அறைக்கு இருவர் என்று சுமார் 1,600 பேர் ஏறினால் ஆளுக்கு 30; மேல்படுக்கைகளும் நிரம்பி 1,800 பேர் ஆனால் 27. 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ இதைப்போல் ஐந்து மடங்கு பெரியது. அதில் அறைக்கு இருவர் என்றால் 44. முழுக் கொள்ளளவான 7,600 பேரும் ஏறினால் 33க்குக் கீழே வந்துவிடும். விளம்பரங்கள் முதல் எண்ணைத்தான் சொல்லும். குழந்தைகளோடு நான்கு பேர் ஓர் அறையில் தங்கும் நம் குடும்பங்களும், பள்ளி விடுமுறையில் நிரம்பும் கப்பலும் இரண்டாவது எண்ணில்தான் வாழ்கின்றன. மாடிப்படியில் நெரிசல், உணவுக்கு வரிசை, மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பு எல்லாம் அங்கிருந்தே வருகின்றன.

சோலாஸ் விதிகளை நிறைவேற்றாத கப்பல் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பவே முடியாது, பிறகு பயணி எதற்குத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விதி எல்லாக் கப்பலுக்கும் ஒன்றல்ல; அது கப்பல் பிறந்த நாளைப் பொறுத்தது. 2010 ஜூலை 1க்குப் பின் அடிக்கட்டை இடப்பட்ட பெரிய பயணிகள் கப்பல்கள், ஒரு குறிப்பிட்ட அளவு வரை தீயோ வெள்ளமோ தாக்கினாலும் சொந்த விசையில் துறைமுகம் திரும்பும்படி கட்டப்பட வேண்டும். அதற்கு முந்தியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2013 பிப்ரவரியில் 1999ஆம் ஆண்டுக் கப்பலான ‘கார்னிவல் டிரையம்ஃப்’, இயந்திர அறைத் தீக்குப் பின் மின்சாரம் இழந்து நான்கு நாள் மெக்சிகோ வளைகுடாவில் தவித்தது. நாலாயிரம் பேருக்குக் கழிப்பறைகள்கூடச் சரியாக வேலை செய்யவில்லை. ‘எம்பிரஸ்’ 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு வேறு பெயர்களில் ஓடியது. அதற்கும் இந்த விதி பொருந்தாது. இதனால் அது ஆபத்தான கப்பல் என்று ஆகிவிடாது. பழைய கப்பல்களுக்கும் தெளிப்பான்கள், புகை உணர்விகள் பின்னாளில் கட்டாயமாக்கப்பட்டன. ஆனாலும் கட்டிய ஆண்டை அறியாமல் சீட்டு வாங்குவது சரியன்று.

வயது மட்டும் தீர்ப்பாகிவிடவும் கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிய ‘கோஸ்டா கான்கார்டியா’ ஆறே வயதுக் கப்பல். மோதி ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்தே கப்பலைவிட்டு வெளியேறும் கட்டளை வந்தது. அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அவசரகால ஒத்திகை நடந்திருக்கவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அன்றைய விதி சொன்னது. 32 பேர் இறந்த பிறகுதான், புறப்படுவதற்கு முன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடக்க வேண்டும் என்று விதி மாறியது. ஒத்திகையின்போது கைப்பேசியில் மூழ்கியிருக்கும் கூட்டத்தையும், அதைக் கண்டுகொள்ளாத பணியாளர்களையும் ஒருசேரக் கண்டால், அந்தக் கப்பலின் மதிப்பு அங்கேயே குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு சுவையைப் பற்றியது. மூன்று இரவு மகிழப் போகிறவர் உணவையும் அறையையும் தானே பார்ப்பார்? டக்ளஸ் வார்டு 1985இலிருந்து எழுதிவந்த பெர்லிட்ஸ் வழிகாட்டியும் உணவு, அறை, உபசரிப்பு, கேளிக்கை என்று மதிப்பெண் இட்டே புகழ்பெற்றது. அவை தேவைதான், சைவ உணவு தனியாகச் சமைக்கப்படுகிறதா என்பது பல குடும்பங்களுக்கு முதல் கேள்வியாகவும் இருக்கலாம். ஆயினும் சமையலறையின் சுவையைவிடச் சுத்தம் முந்தியது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் தன் நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சோதித்து 100க்கு மதிப்பெண் தந்து வெளியிடுகிறது. 85ம் அதற்குக் கீழும் தோல்வி. இந்தியப் பயணிக்கு அப்படி ஒரு பட்டியல் கைக்கெட்ட வேண்டும் என்று அரசிடம் கேட்பதில் தவறில்லை. பயணத்திட்டத்தையும் நிபந்தனைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: 2022 ஜூனில் புதுச்சேரி அரசு அனுமதி மறுத்ததால் ‘எம்பிரஸ்’ பயணிகள் அங்கே இறங்க முடியவில்லை. துறைமுகத்தை மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதியே வைத்திருக்கின்றன.

இவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே அறியலாம். ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர் மாறினாலும் மாறாத ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் ஒன்று உண்டு. ‘ஈக்வாசிஸ்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் கட்டிய ஆண்டு, கொடி நாடு, துறைமுகச் சோதனைகளில் கண்ட குறைகள், தடுத்துவைக்கப்பட்ட வரலாறு ஆகியவை கிடைக்கும். முன்பதிவு முகவரிடம் அந்த எண்ணையும், நீங்கள் போகும் நாளில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதையும், ஒத்திகை எப்போது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.