எண்ணப்பட்டவர்களின் எண்ணம்: நாகாலாந்தில் கணக்கெடுப்பும் கருத்தறிதலும்

முன்னுரை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியானபோது, இந்திய மாநிலங்களுள் நாகாலாந்தில் மட்டும் மக்கள்தொகை குறைந்திருந்தது. 2001இல் 19,90,036, 2011இல் 19,78,502. குறைந்தது 11,534 பேர்தான். ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டில் இதே மாநிலம் 64.53 விழுக்காடு வளர்ந்திருந்தது என்பது கணக்கு. அப்போது நாடு முழுவதற்குமான வளர்ச்சி ஏறத்தாழ 21.5 விழுக்காடு. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணமாகச் சொல்லக்கூடிய பஞ்சமோ கொள்ளைநோயோ அந்த இருபதாண்டில் நேரவில்லை.

இத்தகைய பிழைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: எட்டாத மலையூர்கள், துப்பாக்கிச் சத்தம், பயிற்சி போதாத கணக்கெடுப்பாளர்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் சாலை போட்டு, போர்நிறுத்தம் வந்து, பள்ளி ஆசிரியர்களே கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகுதான் எண்கள் மிகுதியாக வீங்கின என்பதை இவை விளக்கவில்லை. நாகா மலைகளில் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டவர்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. கேட்பவர் எதைக் கொண்டுபோக வந்திருக்கிறார், எதைக் கொடுக்க வந்திருக்கிறார் என்பதை ஊர் முதலில் கணித்தது. அதன் பிறகே பதில் சொன்னது. அந்தக் கணிப்பின் தடங்களே இன்று நமக்குக் கிடைக்கும் புள்ளிவிவரங்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வரியும் துபாஷியும்

ஆங்கிலேயர் 1866இல் நாகா மலை மாவட்டத்தை அமைத்தனர். 1879இல் கோனோமா என்ற அங்காமி ஊரில் அரசியல் அதிகாரி டாமன்ட் கொல்லப்பட்டார். பதிலுக்குப் படை போயிற்று. மறு ஆண்டில் எதிர்ப்பு ஒடுங்கியது. ஆட்சி நிலைபெற்ற இடங்களில் அதன் முதல் அடையாளமாக வந்தது வீட்டு வரி. வீட்டை எண்ணுவதும் வரி வாங்குவதும் ஒரே செயலாக இருந்தன. எண்ணப்படாத வீடு வரி கட்டாத வீடு.

எண்ண வந்த அதிகாரிக்கு ஊரின் மொழி தெரியாது. இடையில் நின்றவர் 'தோபாஷி'. ஆனந்தரங்கப் பிள்ளையின் புதுச்சேரியிலிருந்து நாம் அறிந்த துபாஷி என்ற அதே சொல்தான் அது. ஊர்ப் பக்கத்தில் அரசின் சிவப்புச் சால்வை போர்த்திய 'காவ்ன்புரா' என்ற ஊர்த்தலைவர் நின்றார். பல நாகா மொழிகளில் ஒன்றைப் பேசும் ஊரின் விடை, இவ்விருவர் வாய்வழியாகவே கோப்பில் ஏறியது. ஆகவே இந்த மலைகளின் தொடக்ககாலத் தரவுகள் எதுவும் நேர்முகத் தரவு அன்று; ஒரு பேச்சுவார்த்தையின் முடிவு அது.

இந்த இடைநிலையாளர்கள் வாயில்லாத குழாய்களும் அல்லர். 1918இல் தோன்றிய நாகா மன்றத்தில் அரசு ஊழியர்களும் ஊர்ப் பெரியவர்களும் இருந்தனர். 1929 ஜனவரியில் சைமன் குழு கோஹிமாவுக்கு வந்தபோது, இம்மன்றம் இருபது பேர் கையெழுத்திட்ட மனுவொன்றை அளித்தது. புதிய அரசியல் சீர்திருத்தத்தில் எங்களைச் சேர்க்க வேண்டாம்; ஆங்கிலேயர் விலகும் காலத்தில், பண்டைக்காலத்தில் இருந்ததுபோல் எங்கள் வழியை நாங்களே முடிவுசெய்துகொள்ள விடுங்கள் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டோரில் மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தனர். அதுவரை பிறர் கேள்விகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், முதன்முறையாகத் தம் விடையைத் தாமே எழுதிக் கொடுத்தார்கள்.

படையோடு வந்த ஆய்வாளர்

அதே காலத்தில் நாகா மக்களைப் பற்றிய இனவரைவியல் நூல்கள் வரிசையாக வந்தன. ஹட்டன் 1921இல் அங்காமியரையும் சேமாக்களையும் பற்றி எழுதினார். மில்ஸ் 1922இல் லோத்தாக்களையும் 1926இல் ஆவோக்களையும் பற்றி எழுதினார். இருவரும் மாவட்ட நிர்வாகிகள். வழக்கு விசாரித்தவர்களும் தண்டனை விதித்தவர்களுமே சடங்குகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஹட்டன் பின்னர் 1931 கணக்கெடுப்புக்கு இந்திய அளவில் ஆணையரானார்.

ஆய்வும் ஆட்சியும் எவ்வளவு நெருங்கியிருந்தன என்பதற்கு 1936 சான்று. வியன்னாவிலிருந்து வந்த மானிடவியலாளர் ஹைமண்டார்ஃப் கோன்யாக் ஊர்களில் தங்கி ஆய்வு செய்தார். அந்த ஆண்டு இறுதியில் பாங்ஷா என்ற ஊரைத் தண்டிக்க மில்ஸ் தலைமையில் படை புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். அவருடைய குறிப்புகளும் படங்களும் இன்றும் மதிப்புள்ளவை. ஆனால் எரிந்த ஊரின் பார்வையில், குறிப்பேடு வைத்திருந்தவரும் துப்பாக்கி வைத்திருந்தவரும் ஒரே வரிசையில் நடந்து வந்தவர்கள்.

1951: ஒரே ஆண்டில் இரு கணக்குகள்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கணக்கெடுப்பு 1951 தொடக்கத்தில் நடந்தது. இன்றைய நாகாலாந்துப் பரப்புக்கு அது தந்த எண் 2,12,975. கிழக்கே துவென்சாங் பகுதியின் பெரும்பரப்பை அது தொடவே இல்லை; அப்பகுதி 1961இல்தான் முழுமையாக எண்ணப்பட்டது.

அதே ஆண்டு மே 16 அன்று, ஃபிஸோ தலைமையிலான நாகா தேசிய மன்றம் தனது பொதுவாக்கெடுப்பைத் தொடங்கியது. ஆட்கள் ஊர் ஊராகச் சென்று கைரேகை வாங்கினார்கள். 99.9 விழுக்காட்டினர் தனிநாட்டை ஆதரித்தார்கள் என்று மன்றம் அறிவித்தது. டெல்லி அதை ஏற்கவில்லை.

ஆய்வு முறையியல் நோக்கில் இதைக் குறைசொல்வது எளிது. கைரேகை எல்லார் கண்முன்னும் வைக்கப்பட்டது. கேட்டவர் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர். ஊர் கூடி முடிவெடுக்கும் சமூகத்தில் ஒருவர் தனித்து மறுப்பது அரிது. ஆனால் ஒரு கருத்துக் கணிப்பு பொய்யா மெய்யா என்பதை அடுத்து வரும் நடத்தை ஓரளவு காட்டிவிடும். 1952 பொதுத்தேர்தலை நாகா மலை மாவட்டம் அடியோடு புறக்கணித்தது. வாக்கெடுப்பு ஒவ்வொருவரின் உள்ளத்தையும் அளக்கவில்லை. ஊர்கள் எந்த முடிவில் நிற்கும் என்பதைச் சரியாகவே அளந்திருந்தது. தனிமனிதக் கருத்தும் ஊரின் முடிவும் இருவேறு பொருள்கள் என்ற சிக்கல், அதன் பிறகு இந்த மலைகளில் நடந்த எந்த ஆய்வையும் விடவில்லை.

பேருந்துச் சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர்

1950களின் நடுவில் ஆயுதப் போராட்டம் மூண்டது. 1958இல் ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் வந்தது. பல ஊர்களைப் பெயர்த்து ஒரே வேலிக்குள் குடியமர்த்தும் நடவடிக்கைகள் நடந்தன. அத்தகைய இடத்தில் வீட்டிலுள்ளோர் பட்டியல் சாதாரணத் தாள் ஆகாது. யார் காட்டுக்குள் போயிருக்கிறார் என்பதை அது சொல்லிவிடும். 1873ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் உள்எல்லை அனுமதி ஏற்கெனவே வெளியாட்களைத் தடுத்தது. வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குக் கதவு அநேகமாக மூடியே இருந்தது.

1963 டிசம்பரில் நாகாலாந்து தனி மாநிலமானது. ஆனால் மாதிரி ஆய்வுகளின் வரைபடத்தில் அது முழுமையாக இடம்பெறவில்லை. தேசிய மாதிரி ஆய்வின் பல சுற்றுகளில் ஓர் அடிக்குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது: நாகாலாந்தில் பேருந்துத் தடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. 2004–05இன் 61ஆம் சுற்றிலும் 2009–10இன் 66ஆம் சுற்றிலும்கூட இந்த விலக்கு இருந்தது. சாலையோரம் வாழ்பவர் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அருகில் வாழ்பவர். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு மாநிலத்தின் நுகர்வை எழுதினால், வறுமை எங்கே அடர்ந்திருக்கக்கூடுமோ அங்கே மாதிரி நின்றுவிடுகிறது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. திட்டக்குழுவின் பழைய வறுமைக் கணக்குகளில் அசாமின் வறுமை விகிதமே நாகாலாந்து உள்ளிட்ட பிற வடகிழக்கு மாநிலங்களுக்கும் பொருத்தப்பட்டது. பிரம்மபுத்திராவின் நெல்வயல் உழவரும் மோன் மாவட்டத்து மலைச்சரிவில் காட்டை எரித்துப் பயிரிடுபவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கினார்கள். வறுமையை அளக்க டெண்டுல்கர் குழு வகுத்த முறை வந்த பிறகே நாகாலாந்துக்கெனத் தனி விகிதம் நிலைபெற்றது.

பெருகிய ஊர்கள்

அரசு வாங்குபவராக இருந்த காலம் மாநிலம் அமைந்தபின் மாறியது. 1978இல் கிராம, வட்டார மன்றச் சட்டம் வந்தது. ஊர் வளர்ச்சி வாரியங்களுக்கு வரி செலுத்தும் வீடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மானியம் பிரித்துத் தரப்பட்டது. நூறாண்டுக்கு முன் ஒரு வீடு கூடினால் ஊர் பணம் கொடுக்க வேண்டியிருந்தது; இப்போது ஒரு வீடு கூடினால் ஊருக்குப் பணம் வரும். வளர்ச்சி விகிதம் 1971இல் 40 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. 1981இல் 50, 1991இல் 56, 2001இல் 64.5 என ஏறியது.

2001க்கு மற்றொரு பொறியும் உண்டு. சட்டமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்ய 2002இல் வந்த சட்டம், 2003 திருத்தத்தின்படி அந்தக் கணக்கெடுப்பையே அடிப்படையாகக் கொண்டது. மக்கள்தொகைக்கும் தொகுதிக்கும் உள்ள முடிச்சு தமிழ்நாட்டு வாசகருக்குப் புதிதன்று. நாகாலாந்தில் அது பழங்குடிக்கும் பழங்குடிக்கும் இடையிலான போட்டி: அறுபது இடங்களில் எந்த மாவட்டம் எத்தனை இடம் பெறும்? எண்ணிக்கையில் பின்தங்குவது அடுத்த தலைமுறையின் இடத்தை விட்டுக்கொடுப்பதாகப் பட்டது. அங்குஷ் அகர்வால், விகாஸ் குமார் இருவரும் 2020இல் வெளியிட்ட நூலில் இந்த வீக்கத்தை இத்தகைய போட்டியோடு இணைத்து விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வீக்கத்தை வெளிக்காட்டியது மற்றோர் ஆய்வு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி அந்தக் காலத்தில் நாகாலாந்துப் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 3.7 குழந்தைகள். அந்தப் பிறப்பு அளவைக் கொண்டு ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் மக்கள் பெருக முடியாது. மாநில அரசே 2001 கணக்கை ஏற்க மறுத்தது. 2008 பிப்ரவரியில் நாகாலாந்து உள்ளிட்ட நான்கு வடகிழக்கு மாநிலங்களில் மறுவரையறை ஒத்திவைக்கப்பட்டது. அண்டையிலுள்ள மணிப்பூரில், நாகா மக்கள் வாழும் சேனாபதி மாவட்டத்தின் மாவோ மரம், பாவோமட்டா, புருல் ஆகிய மூன்று உட்கோட்டங்களின் 2001 முடிவுகள் ரத்தே செய்யப்பட்டன. இந்தியாவின் மொத்த மக்கள்தொகையைச் சொல்லும் அட்டவணைகளில் அந்த விலக்கு இன்றும் அடிக்குறிப்பாக நிற்கிறது.

2011க்கு முன் அரசும் பழங்குடி அமைப்புகளும் திருச்சபைகளும் சேர்ந்து உண்மை எண்ணைச் சொல்லுமாறு பரப்புரை செய்தன. கிராமப்புற மக்கள்தொகை 14.6 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது; லாங்லெங் மாவட்டத்தின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மலை அதே மலை. பாதையும் அதே பாதை. யார் வந்து கேட்டார், ஏன் கேட்டார் என்பது மாறியிருந்தது.

தரப்படாத இரத்தம்

வாயால் சொல்லும் விடையைக் கூட்டலாம், குறைக்கலாம். உடலிலிருந்து எடுப்பதை அப்படிச் செய்ய இயலாது, மறுக்கத்தான் முடியும். 2005–06இல் மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வு, எச்.ஐ.வி. பரவலையும் இரத்தசோகையையும் அறிய விரல்நுனியில் இரத்தம் எடுத்தது. நாகாலாந்தில் உள்ளூர் எதிர்ப்பு எழ, அந்தச் சோதனை அங்கே நடக்கவில்லை. கேள்வித்தாளுக்கு விடை சொன்ன மாநிலம் இரத்தத்தைத் தரவில்லை.

ஒப்புதல் படிவம் தனியாளிடம் நீட்டப்படுகிறது. ஆனால் இங்கே 'சரி' என்பதற்கும் 'வேண்டாம்' என்பதற்கும் உரிமை தனக்கும் உண்டு என ஊர் கருதுகிறது. மருத்துவ அறவியல் நூல்கள் இதைத் தடையாக எழுதலாம். எடுத்துச் செல்லப்பட்டவை திரும்பி வராத அனுபவமுள்ள ஊருக்கு அது தற்காப்பு. அடுத்த சுற்றில், 2015–16இல், நாகாலாந்தின் இரத்தசோகை அளவுகள் அறிக்கையில் இடம்பெற்றன.

யாருடைய கருத்து?

1997 போர்நிறுத்தத்துக்குப் பின் தேர்தல் கணிப்புகளும் சமூக ஆய்வுகளும் பெருகின. ஆயினும் சில ஊர்களில் மன்றம் கூடி ஒரு வேட்பாளருக்கு ஆதரவு என அறிவித்துவிடும் வழக்கம் இருந்தது. நாகாலாந்துப் பாப்டிஸ்ட் திருச்சபை மன்றம் தூய தேர்தலுக்கான பரப்புரையில் இதை எதிர்த்துப் பேசிவருகிறது. அப்படிப்பட்ட ஊரில் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டால் நூறு பேரிடமிருந்து ஒரே விடை வரும். மாதிரி அளவு நூறு, தரவு ஒன்று.

வருமானம் பற்றிய கேள்விக்கும் பழைய நிழல் உண்டு. பல ஆயுதக் குழுக்கள் தனித்தனியே வரி வாங்கியதை எதிர்த்து 2013 அக்டோபர் 31 அன்று திமாப்பூரில் மாபெரும் பேரணி நடந்தது. பல கைகள் வரி கேட்கும் இடத்தில், வருமானத்தைக் குறித்துக்கொள்ளும் இன்னொரு கையையும் மக்கள் அந்த வரிசையில்தான் வைப்பார்கள்.

சொல்லத் தயங்கும் விடையைப் பெற மறைமுக உத்திகள் உண்டு. விடையில் தற்செயலைக் கலந்து பதில் சொல்பவரைக் காக்கும் முறையை வார்னர் 1965இல் முன்வைத்தார். 2011இல் ஆப்கானிஸ்தானின் ஐந்து மாகாணங்களில் 204 பஷ்தூன் ஊர்களைச் சேர்ந்த 2,754 பேரிடம், கொள்கைகளை முன்மொழிபவரின் பெயரை மாற்றி மாற்றிக் கேட்டு, போரிடும் தரப்புகளுக்கான ஆதரவை ஆய்வாளர்கள் அளந்தனர். நுட்பமான ஆய்வு, ஆனால் கேட்கப்பட்ட 2,754 பேரும் ஆண்கள். உத்தி விடையைக் காக்கும். யாரிடம் கேட்பது என்பதை அது தீர்மானிக்காது.

நாகாலாந்தில் அந்த இடைவெளி 2017இல் வெடித்தது. நகராட்சிகளில் பெண்களுக்கு 33 விழுக்காடு ஒதுக்கீடு வந்தபோது, அரசமைப்புச் சட்டத்தின் 371ஏ பிரிவையும் வழக்காற்றையும் காட்டிப் பழங்குடி மன்றங்கள் எதிர்த்தன. போராட்டத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது. முதலமைச்சர் பதவி விலகினார். அம்மன்றங்களில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 'நாகா மக்களின் கருத்து' என்று அங்கே கேட்டு எழுதிய எவரும், ஒதுக்கீட்டுக்காக நீதிமன்றம் வரை போன நாகா பெண்களைத் தவறவிட்டிருப்பார்கள்.

முடிவுரை

2020 முதல் ஆய்வின் திசை ஓர் இடத்தில் திரும்பியிருக்கிறது. ஹட்டனும் மில்ஸும் திரட்டிய பொருட்கள் பல ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவ்வருங்காட்சியகத்தில் நாகா மூதாதையரின் உடல் எச்சங்களும் இருக்கின்றன. அவற்றை மீட்பது பற்றி, நாகா நல்லிணக்க மன்றத்தின் துணையோடு, டோலி கிகோன், அர்கோடோங் லாங்குமேர் முதலிய நாகா ஆய்வாளர்கள் தம் மக்களிடமே கருத்துக் கேட்டு வருகிறார்கள். எலும்புகள் வந்தால் எங்கே வைப்பது, எந்தச் சடங்கு செய்வது, கிறித்தவரான பிறகு எப்படி அடக்குவது என்பவை போன்ற கேள்விகளுக்கு வெளியிலிருந்து எவரும் வினாத்தாள் தயாரிக்க முடியாது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதன் பின்னால் மீண்டும் மறுவரையறை நிற்கிறது. நூற்றைம்பது ஆண்டு வரலாறு அதற்குச் சொல்லித் தருவது சில எளிய செய்திகளே. மானியமும் தொகுதியும் தலையெண்ணிக்கையில் தொங்கும்வரை எண் நடுநிலையாக இராது. ஆகவே ஊரின் எண்ணை அண்டை ஊரும் பார்க்கும்படி வெளிப்படையாக வைக்க வேண்டும். ஊர்மன்றத்தின் இசைவு வாசலைத் திறக்கும். பெண்களின் விடையை அது தந்துவிடாது. அதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். எட்டாத ஊர்களை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டு மாநிலச் சராசரி எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன், கணக்கெடுப்பாளர் தம் வினாத்தாளைப் பிரிக்குமுன் ஊர் கேட்கும் கேள்விக்கு அவரிடம் நேரான விடை இருக்க வேண்டும்: இதை எதற்காகக் கேட்கிறீர்கள்?