கூட்டும் கணக்குப் புத்தகமும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் சேமிப்பு வரலாறு

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வாழ்ந்த வரலாற்றை எழுதுவோர் இரயில் பாதையையும் இரப்பர்த் தோட்டத்தையும், கோயிலையும் பள்ளியையும் தவறாது குறிப்பிடுவர். அம்மக்கள் வியர்வை சிந்தி ஈட்டிய காசை எங்கே வைத்துக் காத்தனர், அக்காசு அவர்களுக்கு என்ன ஈட்டித் தந்தது என்பன அத்துணை விரிவாக எழுதப்படுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலும் கிள்ளான் தோட்டத்து லயங்களிலும் சிறுசேமிப்பு ஒரே இடத்தில் தங்கியதில்லை. காதிலும் கழுத்திலும் சிறிது பொன். கூட்டில் சிறிது பணம். அஞ்சலகப் புத்தகத்தில் சிறிது. பின்னாளில் கூட்டுறவுச் சங்கத்தில் சிறிது. இப்பிரிவினைக்குப் பின்னால் தெளிவான கணக்கு இருந்தது. அக்கணக்கை அறிவது இன்றைய மாணவருக்கும் பயன் தரும்.

சேமிப்பு பிறக்க வேண்டுமாயின் முதலில் கடன் ஒழிய வேண்டும். தொடக்க காலத்தில் தோட்டத்திற்கு வந்த தொழிலாளர் பலர் கப்பல் கட்டணத்தையே கடனாகச் சுமந்து வந்தனர். 1907-இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி அப்பயணச் செலவை ஏற்றது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு முடிவு கட்டப்பட்டது. அதன் பின்னரே கூலியில் மிச்சம் என்ற எண்ணத்திற்கு இடம் ஏற்பட்டது. அம்மிச்சமும் மிகச் சிறிதே. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலை நிறுத்தத்தின் தொடக்கத்தில், ஆண் தொழிலாளியின் நாட்கூலி ஐம்பது காசு அளவிலேயே இருந்தது. அதில் அரிசிக்கும் உப்புக்கும் போக எஞ்சியதைக் காப்பதே பெரும்பாடு.

அக்காலத்தில் பணத்தின் இலக்கணத்தை முற்றும் அறிந்திருந்தோர் நகரத்தார் எனப்படும் செட்டியார்கள். கோலாலம்பூர் லெபோ அம்பாங் பகுதியில் அவர்தம் கிட்டங்கிகள் விளங்கின. ஒரு கூடத்தில் வரிசையாகப் பெட்டியடி போட்டுப் பல நிறுவனத்தார் தொழில் நடத்தினர். 'நடப்பு வட்டி' என்பது அவர்கள் கூடிப் பேசி அவ்வப்போது வகுத்துக்கொண்ட பொது வட்டி. குறித்த திங்கள்வரை எடுப்பதில்லை என ஒப்புக்கொண்டு வைக்கும் பணத்திற்குத் 'தவணை' வட்டி உண்டு. பணம் எவ்வளவு காலம் கட்டுண்டு கிடக்கிறதோ அதற்கேற்ப வட்டி மாறும் என்ற நெறியை, இன்றைய வங்கிகளின் நிலைவைப்புத் திட்டங்களுக்கு முன்பே அவர்கள் தமிழ்ச் சொற்களில் வகுத்திருந்தனர். ஆயினும் தோட்டத் தொழிலாளிக்கு அந்தப் பெட்டியடி எட்டாத் தொலைவில் இருந்தது. வட்டி என்றால் வாங்குவது எனச் செட்டியார் அறிந்திருக்க, கொடுப்பது என்றே தொழிலாளி அறிந்திருந்தார்.

அரசு திறந்த வாயில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி. நீரிணைக் குடியேற்றங்களில் 1877-இலும் பேராக்கில் 1888-இலும் அது தொடங்கியது. வட்டி குறைவு, ஆயினும் அரசின் பொறுப்பு அதற்கு அரணாக நின்றது. கைநாட்டு வைப்பவரும் கணக்குத் திறக்கலாம் என்பது அதன் சிறப்பு. 1974-இல் அதன் பணியைத் தேசிய சேமிப்பு வங்கி ஏற்றுக்கொண்டது.

இவற்றிற்கு அப்பால், தமிழர் தாமே நடத்திக்கொண்டது 'கூட்டு'. அதன் அமைப்பு எளிது. இருபது பேர் திங்களுக்குப் பத்து வெள்ளி போடுகின்றனர் எனக் கொள்வோம். திங்கள்தோறும் இருநூறு வெள்ளி சேரும்; அதனை ஒருவர் எடுப்பார். முதல் திங்களில் எடுப்பவர் தாம் போட்டது பத்து வெள்ளிதான். எஞ்சிய நூற்றுத் தொண்ணூறும் அவருக்கு வட்டியில்லாக் கடன். இருபதாம் திங்களில் எடுப்பவரோ பத்தொன்பது திங்கள் பிறருக்கு வட்டியின்றிக் கடன் கொடுத்தவர் ஆகிறார். இக்குறையை நீக்கவே ஏல முறை வந்தது. அவசரம் உள்ளவர் முப்பது வெள்ளியைத் தள்ளி நூற்று எழுபதைப் பெறுவார்; தள்ளிய தொகை மற்றவருக்குப் பங்காகும். அவ்வாறு பங்கு பெற்றுக்கொண்டே இறுதிவரை பொறுத்திருப்பவருக்கே மிகுந்த ஆதாயம். வழக்கறிந்த பெண்கள் இரண்டு மூன்று கூட்டுகளில் சேர்ந்து, ஒன்றில் எடுத்த தொகையால் மற்றவற்றிற்குக் கட்டி வந்ததும் உண்டு.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. முன்னர் எடுத்தவர் கட்டாமல் விட்டாலும், கூட்டு நடத்துநர் ஊரைவிட்டு அகன்றாலும் இழப்பு யாரைச் சாரும்? இறுதிவரை பொறுத்திருந்தவரையே சாரும். மிகுந்த வட்டியும் மிகுந்த இடரும் ஒரே கையில் வந்து சேர்ந்தன. முகம் அறிந்த லயத்திற்குள் நம்பிக்கை அவ்விடரைத் தாங்கியது. அறிமுகமில்லாதவரைச் சேர்த்து அதனைத் தொழிலாக நடத்தத் தொடங்கியபோது நம்பிக்கை தளர்ந்தது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நிதி நடத்தும் தொழிலைத் தடை செய்தது.

நம்பிக்கையோடு சட்டத்தின் காவலையும் இணைத்தவை கூட்டுறவுச் சங்கங்கள். 1922-இல் மலாயாவில் கூட்டுறவுத் துறை அமைந்தது. அவ்வாண்டே அஞ்சல் ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கம் பதிவு பெற்றது. பின்னர்த் தோட்டத் தொழிலாளரிடையிலும் சிக்கனச் சங்கங்கள் தோன்றின. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஊழியர் சேமநிதியை நிறுவித் தொழிலாளியும் முதலாளியும் ஐந்து ஐந்து விழுக்காடு செலுத்தச் செய்தது. பணி ஓய்வுவரை கைபடாமல் கிடந்ததே அந்நிதியின் வலிமை. 1980-களின் நடுவில் அது ஆண்டுக்கு 8.5 விழுக்காடு ஈவு வழங்கியது. அவ்வீதம் தொடருமாயின் முதல் ஒன்பது ஆண்டுகளுக்குள் இருமடங்காகும்.

1950-களில் அயல்நாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்று வெளியேற, அவை துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடும் வேலையும் இழந்தனர். அவ்வேளையில் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. தொழிலாளரின் பத்துப் பத்து வெள்ளி ஒன்றுதிரண்டு, 1961-இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பிறர் நிலத்தில் பால் மரம் சீவியோர், தம் சேமிப்பால் தோட்டத்தின் பங்குதாரர் ஆயினர். சிறு துளி பெரு வெள்ளம் என்ற முதுமொழி அங்கே மெய்யாயிற்று.

எனினும் கூட்டுறவு என்ற பெயர் மட்டுமே காவல் ஆகிவிடாது என்பதை 1986 உணர்த்தியது. அவ்வாண்டு, பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டிய 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஏறத்தாழ 588,000 வைப்பாளர்களின் 150 கோடி வெள்ளியளவு பணம் முடங்கியது. வங்கியைவிடக் கூடுதல் வட்டியை நாடிச் சென்றோர், மீட்புத் திட்டங்களை எதிர்நோக்கிக் காத்திருக்க நேர்ந்தது. கூட்டில் இறுதிவரை பொறுத்திருந்தவருக்கு நேர்ந்த இடர், இங்கு நாடளவில் நேர்ந்தது.

விளம்பரத்தில் காணும் வட்டி வீதத்தையும் கணக்கிட்டே அறிதல் வேண்டும். திங்கள்தோறும் நூறு வெள்ளி வீதம் ஓராண்டு செலுத்தும் மாத வைப்பிற்கு 6 விழுக்காடு என அறிவிப்பு வருகிறது எனக் கொள்வோம். மொத்தம் 1,200 வெள்ளி. ஆதலின் 72 வெள்ளி வட்டி வரும் எனப் பலர் எண்ணுவர். வருவதோ 39 வெள்ளி. முதல் நூறு பன்னிரண்டு திங்கள் உழைக்கிறது. இறுதி நூறு ஒரே திங்கள்தான் உழைக்கிறது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. வட்டி என்பது காலத்தின் கூலி. ஆகவே கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டுவோருக்கு மாத வைப்பு ஏற்றது. முழுத்தொகையும் ஏற்கெனவே கையில் உடையவர், செலுத்தும் முறை வரும்வரை எஞ்சியதைச் சும்மா வைத்திராமல் வட்டி தரும் வேறு கணக்கில் வைத்தலே அறிவுடைமை.

கணக்குகளைப் பல இடங்களில் பகிர்வதற்கும் இன்று தக்க காரணம் உண்டு. 2005-இல் நிறுவப்பட்ட மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம், உறுப்பு வங்கி ஒன்றுக்கு, வைப்பாளர் ஒருவருக்கு 250,000 வெள்ளிவரை காப்பளிக்கிறது. ஒரே வங்கியில் ஒருவர் தம் பெயரில் பல கணக்கு வைத்தால் காப்பு பெருகுவதில்லை. வெவ்வேறு வங்கிகளில் வைத்தால் பெருகும். கூட்டுறவுச் சங்க வைப்புகள் இக்காப்பில் அடங்குவதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

லயத்து மக்களின் பல்வகைச் சேமிப்பை இவ்வொளியில் நோக்கின் அவர்தம் அறிவு புலப்படும். திடீர்ச் செலவுக்குப் பொன், திருமணத்திற்குக் கூட்டு, ஆபத்துக்கு அஞ்சலகம், முதுமைக்குச் சேமநிதி, மண்ணில் வேரூன்றக் கூட்டுறவு. ஒவ்வொன்றிற்கும் ஒரு பணி இருந்தது. வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் முதலுக்குக் காவல் யார் என்றும், பணம் எப்போது தேவைப்படும் என்றும் கேட்டவரே நிலைபெற்றனர். அவ்வரிசை மாறியபோதெல்லாம் இழப்பு நேர்ந்துள்ளது. தமிழ்ப்பள்ளிக் கணிதப் பாடத்தில் தனிவட்டியும் கூட்டுவட்டியும் கற்பிக்கப்படும்போது, இவ்வரலாறும் உடன் சொல்லப்படுமாயின், எண்ணும் எழுத்தும் வாழ்வுக்குக் கண்ணாக அமையும்.