சிக்னல் இல்லாத மலையில் கணக்கும் காசும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உட்கிராமங்களுக்குச் சென்றால் செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். தேனோ சாமையோ வாங்கிவிட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் போனதா, இல்லையா? வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

இது டவரின் குறை மட்டுமன்று; கணினி அறிவியலே ஒப்புக்கொண்ட ஒரு நெருக்கடி.

ஒரே கணக்கின் நகல்கள் பல சர்வர்களில் வைக்கப்படுகின்றன. அவற்றிடம் நாம் இரண்டை எதிர்பார்க்கிறோம். எங்கே கேட்டாலும் ஒரே கணக்கைக் காட்ட வேண்டும். எப்போது கேட்டாலும் பதில் தர வேண்டும். இடையிலுள்ள தொடர்பு அறுந்துவிட்டால் இரண்டையும் சேர்த்துத் தர முடியாது என்று 2000ஆம் ஆண்டு எரிக் புரூவர் கூறினார். 2002இல் சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் அதைக் கணித முறையில் நிறுவினர். இதையே 'கேப் தேற்றம்' என்கிறார்கள். தொடர்பு அறுவது நம் விருப்பத்தில் இல்லை. அறுந்தபின் எதை விட்டுக்கொடுப்பது என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

ரேஷன் கடையை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இணைந்தது. தகுதியுள்ள அட்டைதாரர் வேறு ஊர்க் கடையிலும் பொருள் வாங்கலாம் என்றானபின், எல்லாக் கடைகளின் கணக்கும் ஒத்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாதபோது 'பிறகு வாருங்கள்' என்றால் கணக்கு தப்பாது. ஆனால் மலையேறி வந்தவர் வெறும் பையுடன் திரும்புவார். இயந்திரத்தில் பதிந்துகொண்டு அரிசியைக் கொடுத்து, பிறகு சர்வருக்கு அனுப்பினால் அடுப்பு எரியும். ஆனால் ஒரே அட்டைக்கு இரு இடங்களில் பொருள் போக வாய்ப்புண்டு.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு: தவறு நேரலாம், ஆனால் அது ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் இணையமில்லாச் சிறு பணப் பரிவர்த்தனைக்கு அனுமதி அளித்தபோது, ஒரு முறைக்கு 200 ரூபாய், மொத்தம் 2,000 ரூபாய் என்று எல்லை வகுத்தது. 2023 ஆகஸ்டில் ஒரு முறைக்கான எல்லை 500 ஆனது. 2024 டிசம்பரில் யுபிஐ லைட்டுக்கு அது 1,000 ஆகவும், மொத்தம் 5,000 ஆகவும் உயர்ந்தது. செலவழித்த தொகையை மீண்டும் நிரப்ப இணையம் வேண்டும்.

குடும்பத்தினர் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான். 'நிலுவை' என்று திரை காட்டினால் உடனே மறுமுறை அனுப்பாதீர்கள். முதலில் கணக்கு இருப்பைப் பாருங்கள். பணம் பிடிக்கப்பட்டும் பெறுநருக்குப் போய்ச் சேரவில்லையெனில், தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும், கடைக்குச் செலுத்தியது 5 நாட்களுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதி. மலைப்பக்கம் செல்வோர் கையில் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்வது நல்லது.