பேரு ஒண்ணு, லென்ஸ் வேற: பொள்ளாச்சி அப்பிச்சியின் ரெண்டு கேமரா

எங்க அப்பிச்சி (அம்மாவின் அப்பா, கொங்குப் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) பொள்ளாச்சியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். கடையை மூடி வருசக்கணக்காச்சு. மிச்சம் இருந்தது ரெண்டு யாஷிகா-டி கேமரா. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்த்து எடுப்பார்களே, அந்தப் பெட்டிக் கேமரா.

போன மாதம் திருப்பூரில் இருந்து ஒருவர் வாங்க வந்தார். "ரெண்டும் ஒண்ணுதானுங்க, ஒரே விலை போட்டுக்கலாம்" என்றார் மாமா. அப்பிச்சி தலையை ஆட்டினார். "ஒண்ணில்லடா. பேருதான் ஒண்ணு."

அந்த ஒரு வரியைத் துரத்திக்கொண்டு போனதுதான் இந்தக் கட்டுரை. (பி.காம். படிக்கிறவனுக்கு லென்ஸ் எதுக்குடா என்று கடைசி பெஞ்ச் கேட்பது காதில் விழுகிறது. பொறுங்க, கணக்குப்பதிவியலும் வருது :-))

கண்ணாடிக்கும் தேய்மானம் உண்டு

கண்ணாடியில் படும் வெளிச்சம் முழுசும் உள்ளே போகாது. மேற்பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். மூன்று தனித்தனிக் கண்ணாடி உள்ள லென்ஸ் என்றால் ஆறு பரப்பு. இது நாம் படித்த குறைந்து செல் மதிப்பு முறையேதான்: 100 உள்ளே போனால் 96, 92, 88... ஆறாவது பரப்பைத் தாண்டும்போது 78 தான் மிச்சம். தொலைந்த 22ல் ஒரு பங்கு உள்ளேயே எதிரொளித்து ஃபிலிமில் புகை மாதிரி படியும். கருப்பு சாம்பலாகிவிடும்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த டென்னிஸ் டெய்லர் 1893ல் அந்த மூன்று கண்ணாடி லென்ஸை (குக் டிரிப்லெட்) வடிவமைத்தார். அதே 1890களில் அவர் ஒரு வேடிக்கையையும் கவனித்தார். வருசக்கணக்கில் காற்றுப் பட்டு மேலே மங்கிப்போன பழைய லென்ஸ், பளபளக்கும் புது லென்ஸை விட அதிக வெளிச்சம் விட்டது! அந்த மெல்லிய படலம் எதிரொளிப்பைக் குறைத்திருந்தது. வேதிப்பொருள் கொண்டு அந்த மங்கலைச் செயற்கையாக உண்டாக்க 1904ல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வரவில்லை.

சரியான வழி 1935ல் கிடைத்தது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா, வெற்றிடத்தில் ஒரு பொருளை ஆவியாக்கி லென்ஸ் மேல் மெல்லிசாகப் படிய வைத்தார். அது ரொம்ப நாள் ராணுவ ரகசியமாக இருந்தது. 1945க்குப் பிறகுதான் பூச்சு போட்ட லென்ஸ் சாதாரண ஜனங்களுக்கு வழக்கமாகக் கிடைத்தது.

இங்கே நம்ம ஊர் ஆள் ஒருத்தரைச் சொல்லாமல் போக முடியாது. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி.நாயுடு (பிறந்ததும் அதே 1893!). கேமராப் பைத்தியம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை லண்டனில் தானே படம் பிடித்தவர். அது 1936 ஜனவரி. ஸ்மக்குலாவின் பூச்சு வந்து சில மாதம்தான், கடைக்கு வரவே இல்லை. உலகத்தையே சுற்றி விதவிதமான கருவி வாங்கிய மனிதருக்கும் அன்றைக்குக் கிடைத்தது பூச்சில்லாத லென்ஸ்தான். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதே பெயரில் லென்ஸ் வாங்கியவருக்குப் பூச்சோடு கிடைத்தது.

யாஷிகோரும் யாஷினானும்

அப்பிச்சியின் ரெண்டு கேமராவுமே போருக்குப் பிந்தியவை, ரெண்டுக்கும் பூச்சு உண்டு. அப்புறம் என்ன வித்தியாசம்? கீழ் லென்ஸின் வளையத்தைப் படித்தால் தெரியும். யாஷிகா-டி 1958ல் வந்தபோது அதில் இருந்தது யாஷிகோர், மூன்று கண்ணாடி, டெய்லர் பரம்பரை. கடைசிக் காலத்தில் வந்தவற்றில் யாஷினான், நான்கு கண்ணாடி. இது 1902ல் ஸைஸ் கொண்டுவந்த டெஸ்ஸார் பரம்பரை. உடம்பு அதே, பெயர் அதே, உள்ளே ஆள் மாறிவிட்டார்.

"முகூர்த்தத்துக்கு ஃப்ளாஷ் போட்டு எட்டுல வெச்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் கண்ணு. சாயங்கால வெளிச்சத்துல முழுசாத் தொறந்தாத்தான் குட்டு வெளிப்படும்" என்றார் அப்பிச்சி. யாஷிகோரை முழுசாகத் திறந்தால் நடுவில் தெளிவு, ஓரங்களில் குழைவு. யாஷினானில் ஓரமும் நிற்கும்.

"அப்போ புதுசுதான் எப்பவும் ஒசத்தி" என்றார் மாமா. அதுவும் இல்லை!

பென்டாக்ஸ் கேமராவின் டக்குமார் 50 மில்லிமீட்டர், எஃப் 1.4 லென்ஸை எடுத்துக்குங்க. 1964ல் வந்த முதல் வகையில் எட்டுக் கண்ணாடி. சீக்கிரமே அதை ஏழாக்கி, தோரியம் கலந்த கண்ணாடி போட்டார்கள் (மணவாளக்குறிச்சிக் கடற்கரை மோனசைட் மணலில் இருக்கிறதே, அதே தோரியம்). அதன் கதிரியக்கத்தால் கண்ணாடி வருசம் போகப் போக மஞ்சளாகிவிடுகிறது. வெயிலில் சில நாள் வைத்தால் ஓரளவு தெளியும். ஆனால் 1971ல் இதே லென்ஸுக்குப் பல அடுக்குப் பூச்சு வந்தது. அதில் பின்னது முன்னதைத் தோற்கடித்தது. ஒரே லென்ஸில் ஒரு கணக்கில் லாபம், இன்னொன்றில் நஷ்டம்.

டார்ச் வெளிச்சம்

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். வந்தவருக்கு விவரம் தெரிந்திருந்தது. வளையத்தைப் படித்துவிட்டு, யாஷினானுக்கு ரெண்டாயிரம் ரூபாய் கூடத் தர ஒத்துக்கொண்டார். மாமா முகத்தில் சிரிப்பு. அப்பிச்சி டார்ச் எடுத்து, பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வழியாக அடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை.

நல்ல லென்ஸ் என்று அதைத்தான் தோல் உறையில் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சைக்கு விருந்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பருவக்காற்று வருகிற ஊரில் கேட்கவா வேண்டும்? விட்டுவிட்டால் பூஞ்சை பூச்சையும் அரித்து, கண்ணாடியையும் அரிக்கும். பழைய யாஷிகோர்? எவர்சில்வர் டப்பாவில் சும்மா கிடந்தது. துளி அழுக்கில்லை.

வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்று வணிகச் சட்டத்தில் படித்திருக்கிறோம். "அவருதான் பாத்து வாங்கோணும், நீங்க ஏன் காட்டுனீங்க?" என்று மாமா அப்புறம் முணுமுணுத்தார். "முப்பது வருசம் இந்த ஊருல மூஞ்சி காட்டி வியாபாரம் பண்ணுனவன்டா நான்" என்றார் அப்பிச்சி. அவ்வளவுதான்.

வந்தவர் யாஷிகோரை வாங்கிக்கொண்டு போனார். யாஷினான் இப்போது என்னிடம், தோல் உறை இல்லாமல்.

பழசா புதுசா என்று மட்டும் பார்த்து விலை பேசாதீங்க. எந்த வருசம், உள்ளே எத்தனை கண்ணாடி, என்ன பூச்சு, யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று நாலையும் பாருங்க. உங்க வீட்டுப் பரணில் ஏதாவது கேமரா தூங்குதா? முதலில் தோல் உறையில் இருந்து வெளியே எடுங்க. கையோடு ஒரு டார்ச்சும் தேடுங்க.